பழக்குதலும் பழகுதலும்

என் தாத்தா ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 'சைஸ்' வேலை பார்த்தவர். விடியற்காலையில் லாயத்தைத் திறந்து, சாணம் வாரி, குதிரையைக் குளிப்பாட்டி, குளம்பைச் சுத்தம் செய்வார். ஓடி வந்த குதிரையின் உடல் சூடு தணியும்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நடப்பார். ஏறி அமர்வது வேறொருவர் வேலை. தாத்தா வாழ்நாளில் ஒருமுறைகூடக் குதிரை முதுகில் உட்கார்ந்ததில்லை என்பது எனக்கு 13 வயதில்தான் தெரியவந்தது. படிவம் 1-இல் படித்துக்கொண்டிருந்த நான், குதிரையேற்றம் கற்க வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்த நேரம் அது.

"அதெல்லாம் பணக்காரங்க விளையாட்டும்மா," என்றார் அம்மா. அவர் சொன்னதில் தவறில்லை. தாத்தாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பழைய நண்பர் ஒருவர் ஊருக்கு வெளியே இருந்த பயிற்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்து வந்தார். சனிக்கிழமை முழுவதும் நான் அங்கே லாயம் கழுவ வேண்டும்; அதற்குக் கூலியாக அரைமணி நேரப் பயிற்சி. இப்படித்தான் 2016-இல் என் பயணம் தொடங்கியது.

எனக்கு முதலில் வாய்த்தது 'பிஸ்கட்' என்ற கிழட்டுப் பழுப்புக் குதிரை. முதல் மூன்று மாதம் என் கையில் கடிவாள வாரையே கொடுக்கவில்லை. பயிற்றுநர் நீண்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். பிஸ்கட் அவரை வட்டமிடும். நான் பயத்தில் முழங்காலை இறுக்கினால் உடனே நின்றுவிடும். மூச்சை விட்டுத் தளர்ந்தால் மறுபடி நடக்கும். ஒரு சொல்கூடப் பேசாமல் என் உடம்பில் எங்கெங்கே பயம் ஒளிந்திருக்கிறது என்பதை அந்தக் குதிரை எனக்குக் காட்டிக் கொடுத்தது.

அதன் பிறகுதான் 'டிரெஸாஜ்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டேன். பிரெஞ்சு மொழியில் அதற்குப் பழக்குதல் என்று பொருள். இதில் வேகமில்லை, தடை தாண்டலில்லை. தொடக்க நிலையினருக்கு 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள திடல். உயர்நிலைப் போட்டிகளில் நீளம் 60 மீட்டர். ஓரங்களில் அகரவரிசைக்குக் கட்டுப்படாத எழுத்துகளை நட்டு வைத்திருப்பார்கள். இந்த எழுத்தில் திரும்பு, அந்த எழுத்தில் வட்டமிடு, நடுவில் அசையாமல் நில் என்று முன்கூட்டியே வகுத்த பாதை. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பூச்சியத்திலிருந்து பத்துவரை புள்ளி இடுவார். கூட்டி விழுக்காடாக அறிவிப்பார்கள்.

என் கால்களில் போதிய வலு இல்லை என்று நான் குறைபட்டபோது பயிற்றுநர் லிஸ் ஹார்டெல் பற்றிச் சொன்னார். டென்மார்க்கைச் சேர்ந்த அவருக்குப் போலியோவால் முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலிழந்திருந்தன. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவ வேண்டும். ஒலிம்பிக் டிரெஸாஜில் பெண்கள் முதன்முதலாக அனுமதிக்கப்பட்ட 1952 ஹெல்சிங்கி போட்டியில், ஆண்களோடு போட்டியிட்டு அவர் வெள்ளி வென்றார். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் காபில் அம்பாக் தனிநபர் டிரெஸாஜில் வெள்ளி வென்றார். அந்தக் காணொளியைத் தாத்தாவுக்குக் காட்டினேன். நான் வீரரைப் பார்த்தேன். தாத்தா குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டு 'சில்வர்' வந்தது. நியூசிலாந்தில் பிறந்து, இங்கே பந்தயம் ஓடி ஓய்ந்த சாம்பல் நிறக் குதிரை. பிஸ்கட்டிடம் கற்றதெல்லாம் இதனிடம் எடுபடவில்லை. நிறுத்த நினைத்து வாரை இழுத்தால் கழுத்தை நீட்டி இன்னும் வேகமாக ஓடும். நான் மேலும் இழுப்பேன். அது மேலும் ஓடும். "லெப்பாஸ்! லெப்பாஸ்!" என்று பயிற்றுநர் மலாயில் கத்துவார். விடு, விடு என்று அர்த்தம். ஓடுகிற குதிரையை எப்படி விடுவது?

2019-இல் என் முதல் போட்டி. 20 மீட்டர் வட்டம் முட்டை வடிவத்தில் முடிந்தது. நிற்க வேண்டிய இடத்தில் சில்வர் நிற்கவில்லை. நான்கும் ஐந்துமாகப் புள்ளிகள். மொத்தம் 49 விழுக்காடு. தாளின் அடியில் 'கை மிகக் கடுமை' என்று நடுவர் எழுதியிருந்தார்.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. திடலை விட்டு வெளியே வந்ததும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, லாயத்தின் பின்புறம் கொண்டுபோய் சில்வரைச் சாட்டையால் மூன்று முறை அடித்தேன். நான்காவது முறை கையை ஓங்கியபோது தாத்தா நின்றிருந்தார்.

அவர் திட்டவில்லை. என் கையிலிருந்து வாரை வாங்கிக்கொண்டு, சில்வரோடு நடக்க ஆரம்பித்தார். அதன் உடம்பு நடுக்கம் அடங்க வெகுநேரம் பிடித்தது. வீட்டுக்கு வரும் வழியில் நானே பேச்சைத் தொடங்கினேன்.

"அடியாத மாடு படியாதுன்னு தமிழ்ப்பள்ளியிலயே சொல்லிக் கொடுத்தாங்க தாத்தா."

"அது மாட்டுக்கே பொய்ம்மா," என்றார். சற்றுப் பொறுத்து, "அது உன்னைத் தோக்கடிக்கல. வாரு இறுகினா அதுல சாஞ்சு ஓடுன்னு அதுக்குப் பழக்கி இருக்காங்க. பந்தயத்துல அதுதான் வேணும். எங்க ஆளுங்கதான் பழக்கினோம். சொன்னதைச் செஞ்சதுக்கு அடிச்சிட்டியே," என்றார்.

அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் நான் போட்டிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகளில் சில்வரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தாத்தா சொன்னபடி நடந்தேன். அது எப்போது காதைத் திருப்புகிறது, எப்போது தாடையை இறுக்குகிறது, எந்த ஓசைக்கு மிரளுகிறது என்று கவனித்தேன். நான் நின்றால் நிற்கவும், மெதுவாக நடந்தால் மெதுவாக நடக்கவும் அது தானாகவே தொடங்கியது. மீண்டும் ஏறியபோது பயிற்றுநர் சொன்னது புரிந்தது. நிறுத்த வேண்டுமானால் இடையை நிமிர்த்தி, விரல்களை ஒரு கணம் மூடி, குதிரை கொஞ்சம் செவிசாய்த்ததுமே திறந்துவிட வேண்டும். பிடிப்பது கேள்வி, விடுவதுதான் பரிசு. பரிசே கிடைக்காத குதிரைக்குத் தான் செய்தது சரியென்று எப்படித் தெரியும்?

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பல மாதங்கள் கழித்து நான் லாயத்துக்குப் போனபோது சில்வர் கனைத்துக்கொண்டு வந்து என் சட்டைப் பையைத் துழாவியது. அது நினைவில் வைத்திருந்தது என்னையா, கேரட்டையா என்று இன்றுவரை தெரியாது.

2022-இல் மறுபடி போட்டியிட்டோம். நடுப்புள்ளியில் சில்வர் நான்கு கால்களும் சதுரமாக நின்றது. நடுவருக்கு நான் தலைவணங்கி முடிக்கும்வரை காதை மட்டும் என் பக்கம் திருப்பியபடி காத்திருந்தது. 61 விழுக்காடு. பரிசு எதுவும் இல்லை. டிரெஸாஜ் பயிற்சிக்கு ஆறு படிகள் உண்டு. சீரான தாளம் முதற்படி. கைக்கும் குதிரை வாய்க்கும் இடையே மென்மையான தொடர்பு மூன்றாவது. இத்தனை ஆண்டுகளில் நான் மூன்றாவது படியில்தான் நிற்கிறேன்.

மூட்டு வலியால் சில்வர் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றது. அதற்கு முன், ஒரே ஒருமுறை ஏறி உட்காரும்படி தாத்தாவைக் கெஞ்சினேன். பயிற்றுநரும் ஏணிப்படியை எடுத்து வந்து வைத்தார். தாத்தா சிரித்தபடி மறுத்துவிட்டார்.

"மேல உக்காந்தா அதோட முகம் தெரியாதேம்மா!"

தமிழில் பழக்குதலுக்கும் பழகுதலுக்கும் இடையே ஒரே ஒரு மெய்யெழுத்துதான். நான் முதலாவதைக் கற்றுக்கொள்ளப் போய், இரண்டாவதைத் தாத்தாவிடம் கற்றேன். பல்கலைக்கழக விடுமுறையில் இப்போது 'மல்லி' என்ற இளங்குதிரையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதுவும் பந்தயத் திடலிலிருந்து வந்ததுதான். இரண்டு வாரம் ஆகிறது. நான் இன்னும் அதன்மேல் ஏறவில்லை, பக்கத்தில் நடந்துகொண்டிருக்கிறேன்.