உறையாத நீர்

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இரண்டின் பெயரிலேயே பனி இருக்கிறது. ஆனால் அந்தப் பனி, புல்நுனியில் நின்று கதிர் ஏறியதும் காணாமற்போகும் பனி. மார்கழி விடியலில் மூக்கை நனைக்கும். மிஞ்சிப்போனால் சளி பிடிக்க வைக்கும். வானிலிருந்து பஞ்சாய் இறங்கி, முழங்கால் உயரம் குவிந்து, மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் ஒன்றையும் நாம் அதே சொல்லால்தான் அழைக்கிறோம். அமெரிக்காவின் வட எல்லையில், மினசோட்டா மாநிலத்தில் குடியேறிய எங்களுக்கு இந்தச் சொற்குழப்பம் முதலில் வேடிக்கையாகவே இருந்தது. வீட்டுக் கொல்லையில் கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகு அதன் உட்பொருள் புரிந்தது.

நீர் இல்லாமற்போவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். கிணற்றின் அடியில் சேறு மினுங்குவதையும், லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நிற்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நீர் கண்முன்னே இருந்தும் குடிக்க முடியாமற்போவது வேறு வகைப் பஞ்சம். இங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை, தட்டில் ஊற்றிய நீர் ஒரு மணி நேரத்தில் ஆடை கட்டும். இரண்டு மணி நேரத்தில் கல்லாகும். கோழி அதைக் கொத்திப் பார்க்கும், தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் நோக்கும், மறுபடி கொத்தும். பிறகு கதவருகே வந்து நிற்கும். அந்த நிற்றலைப் பார்த்துவிட்டு அடுப்படியில் அமர்ந்து காப்பி குடிப்பது எளிதன்று.

2017 வசந்தத்தில், நகராட்சியின் அனுமதிச் சீட்டோடு நான்கு குஞ்சுகள் எங்களிடம் வந்தன. அண்டை வீட்டாரின் உறக்கம் கருதிச் சேவலுக்கு அனுமதி இல்லை. இரண்டு வயண்டாட், ஒரு சாண்டிக்ளேர், ஒரு ஆஸ்ட்ரலார்ப். கடைசியாகச் சொன்னது கன்னங்கரிய இறகும் வெயிலில் பச்சையாக மின்னும் முதுகும் கொண்டது. கருப்பி என்று பெயரிட்டோம். சாண்டிக்ளேர் கனடாவின் இனம். கியூபெக்கின் ஓக்கா மடாலயத்துத் துறவி ஒருவர், அந்நாட்டுக் குளிருக்கென்றே ஒரு கோழி வேண்டும் என்று பல ஆண்டுகள் கலப்பினம் செய்து உருவாக்கியது. 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றது. அதற்குக் கொண்டை ஒரு பொத்தான் அளவு. அலகுக்குக் கீழே தொங்கும் தாடிச் சதை இருப்பதே தெரியாது. கடுங்குளிர் முதலில் கடிப்பது அவ்விரண்டையும்தான் என்பதால் அந்தத் துறவி அவற்றைச் சுருக்கிவிட்டார். கருப்பிக்கோ நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, நீளத் தாடி. நீர் அருந்தக் குனியும்போது தாடி நனையும். நனைந்த தாடி குளிர்காற்றில் உறையும். ஆகவே எங்கள் கவலையில் பாதி அதற்கே உரியதாயிற்று.

முதற்குளிருக்கு முன்பு, கூட்டைச் சூடாக்க விளக்கு வாங்கலாம் என்று தீவனக் கடைக்குப் போனோம். கல்லாவில் இருந்த முதியவர் பரம்பரை உழவர். நாங்கள் கேட்டதை எடுத்துத் தராமல் ஒரு சொற்பொழிவைத் தந்தார். அதன் சாரம் இதுதான்: கோழியைச் சூடாக்காதீர்கள், நீரைச் சூடாக்குங்கள். கோழி தன் இறகுகளைச் சிலிர்த்து, இடையில் காற்றைச் சிறைபிடித்து, தன் போர்வையைத் தானே செய்துகொள்ளும். அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நமக்குக் கடுங்காய்ச்சல் என்று சொல்லத்தக்க நிலை அதன் இயல்பு. வேண்டியது உலர்ந்த வைக்கோலும், ஈரக்காற்று வெளியேற மேலே ஒரு திறப்பும், அமரும் கட்டையில் காற்று நேரே அடிக்காத ஒரு மூலையும். 250 வாட் சூட்டு விளக்கு வைக்கோலில் விழுந்தால் கூடு மட்டுமல்ல, கூட்டை ஒட்டிய வீடும் எரியும். "குளிரில் செத்த கோழியைவிடத் தீயில் செத்த கோழியை அதிகம் பார்த்திருக்கிறேன்" என்றார். விளக்குக்குப் பதிலாக ஒரு கருப்பு ரப்பர் தொட்டியை எங்கள் கையில் கொடுத்தார்.

அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதத்தான் வேண்டும். நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிகிறது. பாறையைப் பிளக்கும் விரிவு அது. பிளாஸ்டிக் குவளை எம்மாத்திரம்? ரப்பர் மட்டுமே வளைந்து கொடுக்கிறது. உறைந்த தொட்டியைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி முழு நிலவாக வெளியே விழும். கருமை நிறம் வெயிலையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அதைப்போல இன்னொன்று வாங்கினோம். ஒன்று வெளியே இருக்க, மற்றொன்று குளியலறையில் உருகும். காலையில் இளஞ்சூட்டு நீர், பத்து மணிக்கு மாற்று, நண்பகலில் மாற்று, இரண்டரைக்கு மாற்று, இருட்டுவதற்கு முன் கடைசியாக ஒன்று. கோழி இருளில் நீர் அருந்துவதில்லை என்பது இயற்கை எங்களுக்குச் செய்த சலுகை. டிசம்பர் இறுதியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் குறுகிய வெளிச்சத்துக்குள் முட்டையிடும் கோழி ஒன்று கால் லிட்டர் அளவு குடிக்க வேண்டும். நான்குக்கும் சேர்த்து ஒரு லிட்டர்தான். ஆனால் அந்த ஒரு லிட்டருக்காக நாளொன்றுக்கு இருபது லிட்டர் சுமந்திருக்கிறோம்.

"பனியைத் தின்றுவிட்டுப் போகட்டுமே" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கோழி பனியைக் கொத்தும்தான். ஆனால் கணக்கு அதற்குச் சாதகமாக இல்லை. ஒரு கிராம் பனியை உருக்க மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீரை உடல் வெப்பத்துக்கு ஏற்ற மேலும் 41 கலோரி. கால் கிலோ பனிக்கு ஏறத்தாழ 30,000 கலோரி, அதாவது 30 கிலோ கலோரி. ஒரு கோழி நாள் முழுதும் உண்ணும் தீவனத்தின் ஆற்றலில் இது பத்தில் ஒரு பங்குக்கு அருகே வரும். குளிரைத் தாங்கவென்று தின்ற இரையைத் தாகம் தீர்க்கவே செலவிட நேரும். அதுவும் பஞ்சுபோன்ற பனியில் கால் கிலோவைக் கொத்தி விழுங்க நாளெல்லாம் கொத்த வேண்டும். நீர் குறைந்தால் கழுத்தடி இரைப்பையில் உலர்தீனி ஊறாது; கோழி தின்பதையும் குறைக்கும்; தின்னாத கோழிக்கு உள்ளே கனல் இராது. குளிரைத் தாங்கும் பறவையையும் தாகம் இப்படித்தான் குளிரிடம் காட்டிக்கொடுக்கிறது.

உபாயங்கள் பல உண்டு. மேசைப் பந்துகளை நீரில் மிதக்கவிட்டால் காற்றில் அசைந்து ஆடை கட்டவிடாது என்பார்கள். உப்புநீர் நிரப்பிய புட்டியை மிதக்கவிடச் சொல்வார்கள். இவை பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, காற்றும் வெயிலும் துணைநிற்கும் நாள்களுக்கு உரியவை. மைனஸ் 20இல் பந்துகள் பனிக்கட்டியில் பதித்த முத்துகளாகிவிடும். புட்டிக்குள் இருக்கும் உப்புநீர் உறையாமல் இருக்கலாம். சுற்றியுள்ள நன்னீரை அது காப்பதில்லை. புட்டி கசிந்தால் அந்த உப்பு கோழிக்கு நஞ்சு. பிஸ்கட் டப்பாவுக்குள் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, அதன்மேல் நீர்ச்சட்டியை வைப்பது பல ஆண்டுகளாக இங்குள்ளவர்களின் கைவைத்தியம். 2023 ஆகஸ்டோடு அந்தப் பழைய பல்புகள் அமெரிக்கக் கடைகளிலிருந்து பெரும்பாலும் விடைபெற்றன. எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தைத் தருகிறது, வெப்பத்தைத் தருவதில்லை. வீணாகிறது என்று அறிவியல் ஒதுக்கிய அந்த வெப்பத்தில்தான் எத்தனையோ கோழிகள் தாகம் தணித்திருந்தன.

இப்போது எங்களிடமும் ஒரு மின்சட்டி இருக்கிறது. 60 வாட், நீர் உறைநிலையை நெருங்கும்போது தானே விழித்துக்கொள்ளும். இரவு பகலாக எரிந்தாலும் மாதத்துக்கு 43 யூனிட்தான். கூட்டுக்குள் ஈரம் சேரக்கூடாது என்பதால் அதை வெளிமுற்றத்தில், கூரையின் கீழ் வைத்திருக்கிறோம். அது எங்கள் நடையைக் குறைத்தது, நிறுத்தவில்லை. 2019 ஜனவரி 30 அன்று மினியாபோலிஸில் வெப்பம் மைனஸ் 33 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது. எந்தப் பருவத்துக்கும் அஞ்சாது என்று பெயர்பெற்ற அமெரிக்க அஞ்சல் துறையே மாநிலத்தில் கடிதம் கொண்டுசேர்ப்பதை நிறுத்திவைத்தது. அன்று மின்சட்டியிலும் விளிம்பிலிருந்து பனிக்கட்டி வளர்ந்து நடுவை நோக்கி நகர்ந்தது. நாங்கள் முறைவைத்து மணிக்கொரு தரம் வெந்நீரோடு போனோம். கெண்டியிலிருந்து எழுந்த ஆவி எங்கள் புருவத்திலேயே வெண்மையாகப் படிந்தது. கோழிகள் நான்கும் இறகைப் பந்தாக்கி நின்றன. ஆனால் சட்டி தரையைத் தொட்டதும் ஓடிவந்தன. கோழிக்கு நீரை உறிஞ்சத் தெரியாது. அள்ளி, தலையை உயர்த்தி, தானாக இறங்கவிட வேண்டும். நான்கு தலைகள் மாறி மாறித் தாழ்ந்து உயர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். கருப்பியின் கொண்டை நுனி அந்த வாரம் கருத்து, பின்பு உதிர்ந்தது. மற்றபடி நான்கும் பிழைத்தன.

அந்த வாரம் எங்களில் ஒருவரின் தாயார் கரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தொலைபேசியில் பேசினார். "ஏங் கண்ணு, கோழிக்கு வெந்நீர் வெச்சுக் குடுக்கறீங்களாக்கும்? இங்க மனுசருக்கே வெந்நீர் போட்டுத் தர ஆளில்ல" என்று சிரித்தார். ஆனால் அதே ஆண்டு சித்திரையில் பேசியபோது அவர் சொன்ன சேதி வேறு. வெயிலில் சட்டித் தண்ணீர் கொதிக்கிறது, கோழிகள் அலகைப் பிளந்து இரைக்கின்றன, வேப்பமரத்தடியில் மண்சட்டி வைத்து மதியத்துக்குள் மூன்று தரம் மாற்றுகிறேன் என்றார். கோழிக்கு வியர்வை இல்லை. மூச்சின் ஈரத்தால்தான் அது வெப்பத்தை வெளியேற்ற முடியும். அங்கே நீர் சூடாகாமல் அவர் காக்கிறார். இங்கே உறையாமல் நாங்கள் காக்கிறோம். இரண்டும் ஒரே வேலை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு பறவை அருந்தத்தக்க நீர் மிகக் குறுகிய ஓர் இடைவெளியில் இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் அதை நாள்தோறும் நிறுத்திவைப்பதற்குத்தான் வளர்ப்பு என்று பெயர்.

இதில் மனம் ஒப்பாத ஒன்றும் உண்டு. உறைந்த ஊரில் உறையாத நீர் இருக்கும் இடத்தைச் சிட்டுக்குருவிகள் விரைவில் கண்டுபிடித்துவிடும். முதல் சில ஆண்டுகள் அவை கோழிகளோடு சட்டி விளிம்பில் வந்தமர்ந்தன; நாங்கள் மகிழ்ந்தோம். 2015இல் பறவைக் காய்ச்சல் மினசோட்டாவின் வான்கோழிப் பண்ணைகளில் லட்சக்கணக்கான பறவைகளை அழித்திருந்தது. 2022இல் அது மீண்டும் வந்தபோது, காட்டுப் பறவைகள் கோழிகளின் நீரையும் தீவனத்தையும் நெருங்கவிடாதீர்கள் என்று அறிவுறுத்தினார்கள். முற்றம் முழுவதையும் சிறுகண் கம்பிவலையால் மூடினோம். குருவிகள் இன்றும் வருகின்றன. வலையின்மேல் அமர்ந்து கீழே பார்க்கின்றன. கோடையில் மொட்டைமாடியில் காக்கைக்கும் குருவிக்கும் நீர் வைத்துப் பழகிய கைகளுக்கு இந்த வலை கனமாகத்தான் இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் மான்டிசெல்லோ என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள அணுமின் நிலையம் வெளியேற்றும் வெதுவெதுப்பான நீரால் மிசிசிப்பி ஆறு அவ்விடத்தில் உறைவதில்லை. டிரம்பட்டர் அன்னங்கள் குளிர்காலம் முழுதும் அங்கே திரண்டு மிதக்கின்றன. அவற்றைக் காணச் சென்றபோதும் எங்களுக்கு நினைவுக்கு வந்தவை வலைமேல் அமர்ந்த குருவிகளே.

தமிழில் உறைதல் என்றால் கட்டியாதல். தங்கி வாழ்தலும் உறைதல்தான். வாழும் இடத்தை உறையுள் என்கிறோம். வேற்று நிலத்தில் உறைய வந்தவர்களுக்கு அந்நிலம் ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்து அவர்களைத் தன்னோடு கட்டிப்போடுகிறது. எங்களுக்குக் கிடைத்த வேலை ஒரு சட்டி நீரை உறையாமல் காப்பது. விடுமுறைக்கு ஊருக்குப் போக வேண்டுமென்றால் இப்போது முதலில் பார்ப்பது பயணச்சீட்டின் விலையை அல்ல. எதிர்வீட்டுப் பெண் அந்த வாரம் ஊரில் இருக்கிறாளா என்பதைத்தான்.

முதலில் வந்த நான்கில் இன்று எஞ்சியிருப்பது கருப்பி மட்டுமே. மற்ற இடங்களில் இளங்கோழிகள் வந்துவிட்டன. கருப்பி முட்டையிட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவ்வூர் வழக்கப்படி அது எப்போதோ சூப்பாகியிருக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படியும் அப்படித்தான். நாங்கள் சைவர்கள் அல்லர். முட்டையில் முக்கால் பங்கு நீர் என்பார்கள். அப்படியானால் நாங்கள் சுமந்த நீரில் ஒரு பகுதியை அது ஓடிட்டுத் திருப்பித் தந்திருக்கிறது என்று கணக்கெழுதலாம். இப்போது திருப்பித் தருவது நின்றுவிட்டது, சுமப்பது நிற்கவில்லை. இது நட்டமா என்று இருவரும் ஒருமுறை பேசத் தொடங்கினோம். பேச்சு முடிவதற்குள் இரண்டரை மணி ஆகிவிட்டது. ஒருவர் எழுந்து கெண்டியை அடுப்பில் வைத்தார். மற்றவர் காலணியைத் தேடப் போனார்.