அந்தச் சிறிய சாய்கோடு

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுப் பிளானை நாங்களே வரையத் துணிந்தோம். போடியிலிருந்து தினமும் ஜீப்பில் மலையேறி, ஏலக்காய் பறித்து அம்மா சேர்த்த பணத்தில் எழும்பப் போகும் வீடல்லவா! பெரியம்மா மகள் அக்கா எனக்கும் தங்கைக்கும் ஆட்டோலிஸ்ப் என்ற கணினி மொழியைக் கற்றுத் தந்தார். 1958-இல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழிவந்தது அது.

சுவருக்கு ஒரு நிரல், அலமாரிக்கு ஒரு நிரல் எழுதினோம். இரண்டிலும் 'நீளம்' என்றே பெயர் வைத்தோம். சுவர் நிரல் நீளம் 20 அடி எனக் குறித்துக்கொண்டு, முதலில் அலமாரி நிரலை அழைத்தது. அதுவோ அதே பெயரில் 6 அடி எனக் குறித்துவிட்டுத் திரும்பியது. சுவரும் 6 அடியாகிவிட்டது!

"இம்புட்டுத்தானா நம்ம வீடு?" என்று அம்மா கேட்டதும் எங்கள் முகம் வாடியது.

அக்கா சிரித்தார். "உங்க பானையைப் பொதுத் திண்ணையில வச்சா யாரும் எடுப்பாங்க. அடுப்படியில வையுங்க" என்றார். நிரலின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு சாய்கோடு இட்டு, அதன்பின் பெயரை எழுதினால் அது அந்த நிரலுக்கே சொந்தம். வேலை முடிந்ததும் பழைய மதிப்பு திரும்பிவிடும். எல்லாருக்கும் பொதுவான பெயருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி இடுவது லிஸ்ப் எழுதுவோர் வழக்கமாம். சாய்கோடு கணினிக்கு, நட்சத்திரம் நமக்குப் பின் படிப்பவருக்கு.

அலமாரி நிரலில் சாய்கோட்டை இட்டோம். சுவர் 20 அடிக்கு நீண்டது. அம்மா திரையில் அடுப்படி எங்கே என்று தேடினார். நாங்கள் காட்டினோம்.