நொடிக் கணக்கும் சதவீதக் கணக்கும்

என் மனைவிக்கு மைட்ரல் வால்வு மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. உலோக வால்வு என்பதால் அசிட்ரோம் மாத்திரையை நிறுத்தவே முடியாது. ரத்தம் உறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். உறையும் தன்மை அளவுக்கு மீறிக் குறைந்தால் உள்ளே ரத்தக் கசிவு. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கத்தான் மாதாமாதம் ஐ.என்.ஆர். பரிசோதனை. டாக்டர் கொடுத்த எல்லை 2.5 முதல் 3.5 வரை.

நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். அதில் சோடியம் சிட்ரேட் திரவம் முன்பே இருக்கும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். அது ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறையாது. குழாயைச் சுழற்றி, மேலே தெளியும் பிளாஸ்மாவை எடுத்து, 37 டிகிரியில் வைத்து, திராம்போபிளாஸ்டினும் கால்சியமும் கலந்த மருந்தை விட்டு, உறைய எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்கர் 1935இல் கொண்டுவந்த முறை இது. மற்றவர்களுக்குச் சுமார் 12 நொடி. என் மனைவிக்கு 30 நொடிகூட ஆகும்.

ஆனால் லேபுக்கு லேப் மருந்து வேறு, நொடியும் வேறு. அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1980களில் ஏற்படுத்திய பொது அளவுதான் ஐ.என்.ஆர். 30ஐ 12ஆல் வகுத்தால் 2.5. மருந்தின் வீரியக் குறியீடு 1 என்றால் விடையும் 2.5. குறியீடு 1.2 என்றால் அதே விகிதம் 3 ஆகிவிடும்.

பிரான்சில் இருக்கும் என் தம்பியும் இதே வகை மாத்திரை சாப்பிடுகிறான். ஒருநாள் போனில், "அண்ணே, எனக்கு 30 சதவீதம்தான் இருக்கு" என்றான். மனைவி பயந்துவிட்டாள். அங்கே ரிப்போர்ட்டில் 'தோ த ப்ரொத்ரோம்பின்' என்று சதவீதத்திலும் போடுவார்கள். பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அது எனக்குப் புரிந்தது. அந்தக் கணக்கில் 100தான் இயல்பு; மாத்திரை வேலை செய்யச் செய்ய எண் இறங்கும். ஐ.என்.ஆரோ ஏறும். ஒரே ரத்தம்தான், இரண்டு ஏணி.

போன வருடம் ஒரு லேபில் 5.8 என்று வந்தது. ஈறில் ரத்தமில்லை, உடம்பில் நீலத்திட்டு இல்லை. டாக்டருக்குப் போன் செய்தோம். "குழாய் கோடு வரை நிரம்பியிருந்ததா?" என்றார். பாதிதான் நிரம்பியிருந்தது. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிகுந்து, நொடி பொய்யாகக் கூடும். அன்றே மறுபடி எடுத்தோம், 2.9. முதல் தாளை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் வால்வின் கதி என்னவாகியிருக்கும்?

குமாஸ்தா புத்தி போகுமா? தனி ரிஜிஸ்டர் போட்டிருக்கிறேன். தேதி, நொடி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு, புதிதாகச் சேர்ந்த மருந்து, அந்த வாரம் சாப்பிட்ட கீரை. கீரையின் வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிர். அதனால் கீரையை விடவேண்டாம், வாரத்துக்கு ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும் என்கிறார் டாக்டர். அவர் முதலில் கேட்பதே அந்த நோட்டைத்தான். ஒரு எண்ணை மட்டும் பார்த்து எதுவும் சொல்வதில்லை; முந்தைய ஆறு மாதத்தையும் புரட்டிய பிறகுதான் பேனாவைத் திறப்பார்.