டி.சி. பின்னால் வரட்டும்



மே மாதக் கடைசி வந்தாலே உங்களில் யாராவது போன் செய்துவிடுவீர்கள். "சார், வேலை மாற்றலாகிவிட்டது. பிள்ளைக்கு டி.சி. இன்னும் கைக்கு வரவில்லை. என்ன செய்வது?" இந்த வருஷம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாகவே பதில் எழுதிவிடுகிறேன். அதற்கு முன் எங்கள் வீட்டுக் கதை கொஞ்சம்.

1961 ஜூன். அப்பாவுக்கு மின்சார வாரியத்தில் வேலை. மேட்டூரிலிருந்து மதுரைக்கு மாற்றல். எனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் இன்னும் சேர்க்கவில்லை. அக்கா மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஆட்டுக்கல், அண்டா, டிரங்குப் பெட்டி எல்லாம் லாரியில் ஏறின. அம்மாவும் அப்பாவும் டிரைவர் பக்கத்தில். நாங்கள் இருவரும் பின்னால் மெத்தை மூட்டைமேல். சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழி. அன்று 7ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இன்று 44. சுமார் 280 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பியும் மதுரை வந்து சேர இருட்டிவிட்டது.

வழியெல்லாம் எனக்கு டீச்சர் அக்காதான். மைல்கல் ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்பாள். என்னையும் சொல்லச் சொல்வாள். 'மதுரை' என்ற மூன்றெழுத்தை நான் அப்படித்தான் கற்றேன். வேலூர்ப் பாலத்தில் காவிரியைப் பார்த்ததும், "நம்ம ஊர்த் தண்ணிடா, நமக்கு முன்னாலயே வந்துருச்சு" என்றாள். மறுநாள் ஏ.வி. பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தோம். வெறும் மணல். "ஆறு எங்கேக்கா?" என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை.

அந்த வாரமே பள்ளிக்குப் போனோம். தலைக்குமேல் வலக்கையைக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். அக்காவிடம் டி.சி. கேட்டார்கள். அது வரவில்லை. அப்பா கடிதம்மேல் கடிதம் போட்டார். தீபாவளி கழிந்துதான் வந்தது. "பாதி வருஷம் போய்விட்டது, அடுத்த ஜூனில் வாருங்கள்" என்றார்கள். அடுத்த ஜூனில் வீட்டில் கைக்குழந்தை. அம்மாவுக்குத் துணை வேண்டியிருந்தது. அக்காவின் படிப்பு அத்தோடு நின்றது. என் முதல் ஆசிரியை மூன்றாம் வகுப்போடு வீட்டில் இருந்துவிட்டாள்.

பிறகு நான் வாடிப்பட்டிப் பக்கம் வேலை பார்த்தபோது, கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வருஷ நடுவில் வந்து வாசலில் நிற்பார்கள். கையில் ஒரு காகிதமும் இருக்காது.

இப்போது உங்களுக்கான பதில். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கானது. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் பிள்ளையை, டி.சி. தாமதம் என்று காரணம் சொல்லிக் காக்க வைக்கவோ மறுக்கவோ கூடாது என்கிறது அதன் 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்கக் கூடாது. அது 14ஆம் பிரிவு. வருஷ நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். அது 15ஆம் பிரிவு.

ஆகவே டி.சி. பின்னால் வரட்டும். பிள்ளை முதல் நாளே வகுப்பில் உட்காரட்டும். உங்கள் தெருவுக்குப் பிழைக்க வந்த குடும்பம் ஏதாவது இருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் எங்காவது மறுத்தார்கள் என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள். நானும் கூட வருகிறேன்.