பாப்பா, நீ கூட்டத்துக்குப் போ

ஒஸ்லோவிலிருந்து மாமா எழுதும் மடல்.

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி போனில் உன் அம்மா ஒரே புலம்பல். "படிப்பு முடிஞ்சு வேலை தேடுற நேரத்துல வார்டு மீட்டிங், பகுதி சபைன்னு கிளம்பியிருக்காடா. கவுன்சிலர்கிட்ட போய் இவ பேசி என்ன ஆகப்போகுது? நீ சொன்னா கேப்பா, சொல்லு" என்றாள். சொல்கிறேன். ஆனால் அக்கா கேட்டுக்கொண்டதை இல்லை. நீ கூட்டத்துக்குப் போ. ஒன்றையும் விடாமல் போ.

மேற்குத் தாம்பரத்தில் நம் வீட்டு வெளிச்சுவரில், மீட்டர் பெட்டிக்குக் கீழே, பழுப்பாக ஒரு கோடு இருக்கிறதே, அது நினைவிருக்கிறதா? 2015 டிசம்பரில் தண்ணீர் வந்து நின்ற அடையாளம். மூன்று தடவை வெள்ளை அடித்தும் போகவில்லை. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைவரை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு கரை மீறியது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் முதல் மாடிக்கு ஏறியவர்களைப் படகில் வந்து இறக்கினார்கள். நான் இங்கே உட்கார்ந்து உங்கள் மூவரின் போனுக்கும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் எடுக்கவில்லை. கடைசியில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் கொடுக்க வந்த ஒரு கல்லூரிப் பையன் தன் போனிலிருந்து உன் அம்மாவைப் பேச வைத்தான். அவன் யார், எந்த ஊர் என்று இன்றுவரை நமக்குத் தெரியாது.

அவனைப் போல ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அன்றைக்குத் தெருவில் இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. 2019 கோடையில் சென்னை குடிநீருக்குத் தவித்தபோதும் அப்படித்தான். சிட்லபாக்கம் ஏரி வறண்டு கிடந்தது. "சிட்லபாக்கம் ரைசிங்" என்ற குடியிருப்போர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கியது. இளைஞர்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தம்பதிகள், பென்ஷன்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஒரு கூடை மண்ணுக்கு இருந்த பலம் அது.

எனக்குள்ள வருத்தம் வேறு. ஏரியில் இறங்கத் தயங்காத பிள்ளைகள், அந்த ஏரிக்கு எந்தக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும், கழிவுநீரை எங்கே மறிக்க வேண்டும், அதற்கு எந்தத் தலைப்பில் பணம் என்று முடிவாகிற அறைக்குள் போவதே இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையே பூட்டிக் கிடந்த காலமும் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அப்புறம் வழக்கு, வார்டு மறுவரையறை என்று தள்ளிப்போய், நகரங்களில் அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேலே கவுன்சிலரே கிடையாது, எல்லாம் தனி அலுவலர்தான். நீ ஏழாவது படிக்கும்போதிலிருந்து பன்னிரண்டாவது படிக்கிறவரை உன் தெருவுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் ஒருவரும் இல்லை. அப்படி வளர்ந்த தலைமுறைக்கு உள்ளாட்சி என்றால் சொத்து வரியும் குப்பை வண்டியும்தான் என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

கிராமத்துக்காரர்களுக்காவது கிராம சபை இருந்தது. முடிச்சூர் ஊராட்சியில் ஓட்டு இருக்கிற யாரும் அதில் எழுந்து நின்று பேசலாம், தீர்மானம் போடச் சொல்லலாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம், நகராட்சியில் இருந்த நமக்கு அந்த உரிமை இல்லை. 1993-லேயே நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் வார்டு குழுக்கள் வேண்டும் என்று சொல்லியும், தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022-ல்தான். முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. முதலமைச்சர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தது எங்கே தெரியுமா? நம் தாம்பரம் மாநகராட்சியில், பம்மலில், 6-வது வார்டில். உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்.

தாம்பரம் மாநகராட்சியே அப்போது ஒரு வயதுக் குழந்தை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவாக்கினார்கள், 70 வார்டுகள். அதன் முதல் மேயராக வசந்தகுமாரி கமலகண்ணன் பதவியேற்றபோது அவருக்கு வயது 25. பொறியியல் படித்தவர். அந்த இடம் பட்டியல் இனப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கீடு இல்லாமல் அந்த வயதில் அந்தப் பெண்ணை அந்த நாற்காலியில் யாரும் உட்கார வைத்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன். அதனால்தான் ஒதுக்கீடு வேண்டும். கவுன்சிலராகப் போட்டியிட 21 வயது போதும் என்று சட்டம் சொல்கிறது. குடவோலைப் பெருமை பேசுகிற நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி குடத்தில் பெயர் விழ 35 வயது ஆகியிருக்க வேண்டும், வரி கட்டுகிற நிலமும் சொந்த வீடும் வேண்டும். உனக்கு அன்றைக்கு இடமில்லை. இன்றைக்கு இருக்கிறது.

இங்கே நான் பார்ப்பதையும் சொல்லிவிடுகிறேன். நார்வேயில் மூன்று வருஷம் தொடர்ந்து இருந்தால் போதும், குடியுரிமை இல்லாதவனுக்கும் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. நான் அப்படித்தான் முதலில் ஓட்டுப் போட்டேன். ஒஸ்லோவில் 15 பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. கூட்டம் தொடங்கும்போது அரை மணி நேரம் யார் வேண்டுமானாலும் பேசலாம். போன குளிர்காலத்தில் எங்கள் பகுதிக் கூட்டத்தில் பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி எழுந்தாள். பள்ளிக்கூட பஸ் ஸ்டாப்பில் பனியை அள்ளி நடைபாதையிலேயே குவிக்கிறார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்றாள். கையில் இரண்டே போட்டோ. பேசியது மூன்று நிமிஷம். குழுவில் ஒருவர் அந்த ஸ்டாப்பின் பெயரைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். இனி அவள் எந்தக் கூட்டத்துக்கும் பயப்பட மாட்டாள்.

ஒவ்வொரு நகராட்சியிலும் இளைஞர் மன்றம் இருந்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. இந்த ஊர் நகர சபைக்கு 2007-ல் தேர்வானபோது நம் தமிழ்ப் பெண் கம்சாயினி குணரத்தினத்துக்கு வயது 19. யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவர். 2011-ல் உத்தோயா தீவில் இளைஞர் முகாமுக்குள் ஒருவன் புகுந்து 69 பேரைக் கொன்றானே, அங்கிருந்து நீந்தித் தப்பியவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகும் அவர் பொதுவாழ்க்கையை விடவில்லை. 2015-ல் ஒஸ்லோவின் துணை மேயரானார். இங்கே தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டிப் பேசாதவர்கள் குறைவு.

இப்போது உன் விஷயம். வார்டு குழுவில் உட்காரும் பகுதிப் பிரதிநிதிகளைக் கவுன்சிலருக்கு வேண்டியவர்களாகப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று அக்கா சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் பகுதி சபை என்பது அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோருக்கும் உரியது. பிரதிநிதி ஆகாவிட்டாலும் போய் உட்காரலாம், பேசலாம். நீ தெருத் தெருவாகப் போய் பாட்டிகளைக் கேட்டு, எந்த வீட்டில் முட்டளவு, எந்த வீட்டில் இடுப்பளவு என்று 2015 தண்ணீர் மட்டத்தை வரைபடமாகப் போட்டிருக்கிறாயாமே. அதை அப்படியே கொண்டு போ. பேச்சு காற்றோடு போய்விடும், காகிதம் போகாது. மனுவை இரண்டு பிரதி எடு. ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியும் சீலும் கையெழுத்தும் வாங்கு. நீ பேசியது மினிட்ஸில் ஏறியதா என்று கேள். மூன்று மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் போடு. யாரிடமும் குரலை உயர்த்தாதே, ஆனால் எழுந்துவிட்டால் பாதியில் உட்காராதே. முதல் கூட்டத்தில் "யாரும்மா நீ?" என்று கேட்பார்கள். மூன்றாவது கூட்டத்தில் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். கூடப் படித்தவர்களில் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள். தனியாகப் போனால் மனசு சீக்கிரம் சோர்ந்துவிடும்.

2022-ல் வந்த மாநகராட்சி மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. மறுபடி தேர்தல் தள்ளிப்போனால் கேட்க வேண்டியதும் உன்னைப் போன்றவர்கள்தான்.

அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்குத் தேதி சொன்னதும் அவளையும் கூட்டிக்கொண்டு போ. வாக்காளர் பட்டியலில் உன் பெயருக்கு மேலேயே அவள் பெயரும் இருக்கிறது.

அன்புடன்,
மாமா