எலி வளையும் மண் உருண்டையும்

மாசி. சம்பா அறுப்பு முடிந்து பத்து நாள். வயலில் தீனி தீர்ந்ததும் எலிகள் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டன. தென்னையடியில் இன்று மூன்று குரும்பை கிடந்தது. மூன்றிலும் காம்புப் பக்கமாக வட்ட ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன், விளிம்பில் உளி வைத்துச் செதுக்கியது போல இரண்டிரண்டாகப் பல் தடம்.

*

எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். சோப்பு, ஒயர், கதவின் அடிக்கட்டை எதுவும் மிஞ்சாததன் காரணம் அதுதான்.

*

வேலியோரம் ஏழு வளை. எல்லாவற்றிலும் எலி இருக்காது. சாயங்காலம் ஏழையும் ஈரமண் உருண்டை வைத்து அடைத்தேன். விடிந்து பார்த்தால் இரண்டு மட்டும் திறந்து, வாயில் புதுமண் பொலபொலவென்று குவிந்திருந்தது. வேலை அந்த இரண்டில்தான். மற்ற ஐந்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

*

கிட்டி வைக்கிற பெரியவர் வந்தார். மூங்கில் வில்லும் கயிறும்தான் தஞ்சாவூர்க் கிட்டி. தீனிக்காக எலி தலையை நீட்டியதும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். எங்கள் வீட்டுக் கூண்டில் ஏன் எதுவும் விழவில்லை என்று கேட்டேன். "புதுச் சாமான்னா கிட்ட வராது தம்பி. மூணு நாள் கதவைக் கட்டி வச்சிட்டு உள்ள தீனியை மட்டும் போடுங்க. தின்னு பழகட்டும். நாலாம் நாள் கட்டை அவுத்து விடுங்க."

அப்படியே செய்தேன். சுட்ட தேங்காய்ச் சில்லு. நாலாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் இரண்டு.

*

எலி மருந்து வைக்கும்படி பலர் சொல்கிறார்கள். நான் வைக்கமாட்டேன். ரத்தம் உறையவிடாத மருந்துகளைத் தின்ற எலி உடனே சாவதில்லை, நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். அப்படி ஒன்றைப் போன வருஷம் எங்கள் பூனை பிடித்துத் தின்றது. ஈறு வெளுத்து, மூக்கோரம் ரத்தம் கசிந்து, என் மடியில்தான் போனது. இந்த வகை எலி மருந்துக்காவது வைட்டமின் கே என்று ஒரு மாற்று மருந்து உண்டு. நாங்கள் தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்திருந்தது. மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கும் துத்தநாகப் பாஸ்பைடு பொடிக்கும் மாற்று மருந்தே கிடையாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் அவற்றை வைத்துவிட்டு எப்படித் தூக்கம் வரும்?

*

வீட்டுக்குள் செய்தவை: சுண்டுவிரல் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும், இந்த அளவை மனதில் வைத்துச் சுவரைச் சுற்றி வந்தேன். குழாய் போகும் துளைகளில் கம்பி வலையைத் திணித்து, மேலே சிமெண்ட். வெறும் சிமெண்டை ஈரம் காயுமுன்பே தோண்டிவிடும். சாக்கடை வாய்க்கு இரும்புச் சல்லடை. அரிசி தகர டின்னுக்குப் போயிற்று. ராத்திரி எச்சில் பாத்திரம் போடுவதில்லை.

தென்னைக்கு ஆள் உயரத்துக்கு மேல் வழவழப்பான தகரப் பட்டை. ஒன்றரை அடி அகலம் இருந்தால் கால் பிடி கிடைக்காது. ஆனால் பக்கத்து மரத்தின் மட்டை உரசினால் அந்த வழியாக வந்துவிடும், அதையும் கழித்தாயிற்று.

*

பரணில் புழுக்கை. விளக்குமாற்றை எடுத்த மனைவியைத் தடுத்தேன். காய்ந்ததைக் கூட்டினால் தூசி மூச்சில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் தெளித்து, ஊறியபின் கையுறையோடு துடைத்தோம். எலிக்காய்ச்சல் பரவுவது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும். காலில் வெடிப்போடு தோட்டத்துச் சேற்றில் இறங்கக்கூடாது.

*

சமையலறையில் கீச்சிட்டு ஓடியது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, கரப்பான்பூச்சி தின்னும். கூண்டில் விழுந்தால் திறந்து விட்டுவிட வேண்டும். அதேபோல வைக்கோல் போரடியில் ஒரு சாரை. விஷமில்லாதது. அடிக்கக் கம்பு தூக்கிய பையனிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். வளைக்குள்ளேயே புகுந்து எலி பிடிக்கும்.

*

நேற்றுச் சாயங்காலம் மறுபடி மண் உருண்டை வைத்தேன். விடிந்து பார்த்தால் ஒரு வளை திறந்திருக்கிறது. கூண்டை அங்கே நகர்த்தி, கதவைக் கட்டி, தேங்காய்ச் சில்லைப் போட்டாயிற்று.