ஆண்டாள் ஊரில் ஒரு கடைக்காரர்

குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று காதில் விழுந்துவிட்டால், வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது நமக்குச் சாத்தியமில்லை. ஓர் ஆடி மாதத்தில் அப்படித்தான் மூட்டை கட்டினோம். போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பகல் தங்குவதென்று ஏற்பாடு. ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்து, ஊர் சற்றே ஓய்ந்திருந்த சமயம். பதினொரு நிலைக் கோபுரத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். தமிழ்நாட்டு அரசாங்க முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரார் சத்தியம் செய்கிறார்கள். மதுரைக்காரர்களின் அபிப்பிராயம் வேறு. அந்த வழக்கில் நாம் புகப்போவதில்லை. நாம் சொல்ல வந்தது ஒரு பால்கோவாக் கடையைப் பற்றி.

சென்னையில் நம் அத்தை ஒருவர் இருந்தார். வயது 82. பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சில மாதங்களாகப் படுத்த படுக்கை, ஆகாரம் செல்வதில்லை. நாம் புறப்பட்டபோது, "எங்கள் ஊர்ப் பால்கோவா கொஞ்சம் கொண்டு வாயேன்" என்றார். அவர் வாய் திறந்து ஒரு பண்டத்தைக் கேட்டதே வெகு நாளைக்குப் பிறகு அன்றுதான்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டமல்லவா? கோயிலைச் சுற்றிப் பால்கோவாப் பலகைகளுக்குக் குறைவில்லை. கூட்டம் அதிகமில்லாத ஒரு கடையில் ஏறினோம். பின்கட்டில் விறகடுப்பின்மேல் அகன்ற இரும்புச் சட்டி. அதில் பாலும் சர்க்கரையும் சுண்டச் சுண்ட, ஒருவர் கை ஓயாமல் கிளறிக்கொண்டிருந்தார். வேறு சரக்கு எதுவும் அதில் கிடையாது. முதலாளி வாழையிலைத் துண்டில் ஒரு விள்ளல் வைத்து நீட்டினார். இளஞ்சூடு. அதற்குமேல் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஒரு கிலோ கட்டுங்கள், அண்ணாச்சி."

"எந்த ஊருக்கு ஐயா?"

"சென்னைக்கு. குற்றாலத்தில் மூன்று நாள் இருந்துவிட்டுப் போகிறோம்."

தராசுப் பக்கம் போன கை திரும்பி வந்துவிட்டது.

"அப்படியானால் இன்றைக்கு வாங்காதீர்கள். சாரல் ஈரத்தில் மூன்று நாள் வைத்திருந்து, அப்புறம் ரயிலில் ஒரு ராத்திரி போனால் ருசி கெட்டுவிடும். யாருக்கு வாங்குகிறீர்கள்?"

அத்தையைப் பற்றிச் சொன்னோம். அவர் சற்று யோசித்தார். "திரும்புகிற வண்டி இந்த ஊர் வழியாகத்தானே போகிறது? பெட்டி எண்ணைச் சொல்லுங்கள். அன்றைக்குக் கிளறியதைப் பையனிடம் கொடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்" என்றார். முன்பணம் நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டார். "கைக்குச் சரக்கு வந்த பிறகு கொடுங்கள்" என்றார்.

குற்றாலத்தில் அருவியடியில் நிற்கும்போதுகூட இந்த நினைவுதான். உள்ளதைச் சொன்னால், நமக்கு அவ்வளவாக நம்பிக்கையில்லை. முன்னொரு சமயம் ஒரு பெரிய பட்டணத்தில், கண்ணாடியும் குளிர்சாதனமுமாக ஜொலித்த கடையொன்றில் கல்யாண வீட்டுக்கு இனிப்பு வாங்கிப்போய், பெட்டியைத் திறந்தால் பூசணம். திரும்பக் கொண்டுபோனபோது, "விற்ற சரக்கு வாபஸ் இல்லை" என்ற பலகையைச் சிப்பந்தி விரலால் சுட்டிக் காட்டினாரே தவிர, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியிருக்க, வழிப்போக்கரான நமக்காக, இனி ஒருமுறை அந்தப் பக்கம் வருவோமா என்பதே நிச்சயமில்லாத நமக்காக, ஒரு பையன் இரவில் ஸ்டேஷனுக்கு நடப்பானா? அன்றே வாங்கியிருக்கலாம் என்று நம் இல்லாள் இரண்டு முறை சொன்னாள். மூன்றாவது முறை சொல்லாமல் பெருமூச்சு விட்டாள்.

தென்காசியில் வண்டி ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததும் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தோம். பிளாட்பாரத்தில் யாரையும் காணோம். வண்டி ஊதிவிட்டது. அப்போதுதான், நம் பெட்டி முன்னால் நிற்குமென்று எண்ணி அங்கே காத்திருந்த பையன், மூச்சு வாங்க ஓடி வந்தான். பொட்டலம் ஜன்னல் கம்பிகளுக்கிடையே உள்ளே வந்தது. நாம் பணப்பையைத் திறப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. "பணம்! பணம்!" என்று கத்தினோம். அவன் சிரித்துக்கொண்டே கையை அசைத்தான்.

மறுநாள் காலை அத்தைக்கு ஒரு தேக்கரண்டி கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் சுவைத்தார். "சர்க்கரை ஒரு பிடி அதிகம். எங்கள் காலத்தில் இப்படிப் போடமாட்டார்கள்" என்று குறை சொல்லிவிட்டு, இன்னொரு தேக்கரண்டி கேட்டார்.

டப்பாவில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு டெலிபோன் செய்து, பணத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டோம்.

"அது கிடக்கட்டும் ஐயா. அம்மாள் சாப்பிட்டார்களா?"

சாப்பிட்டதையும் சொன்னோம், தயங்கித் தயங்கிச் சர்க்கரை விஷயத்தையும் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"அம்மாள் சொன்னது சரிதான். அன்றைக்கு இறக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றியது" என்றார் கடைக்காரர்.